சிவப்பாய்த் தெரிந்த லயம்

ஏடிஸ் கொசுவைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். கறுப்புக் கால்களில் வெள்ளை வளையங்கள், முதுகில் வெள்ளைக் கோடுகள். யாரோ பொறுமையாக உட்கார்ந்து தூரிகையால் இழுத்ததைப் போல. இதை ஒருமுறை வீட்டில் சொல்லிவிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பா டிங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். "அழகாம்லா அழகு! தூக்கி வச்சுக் கொஞ்சு," என்றார்.

அந்த அழகை ஒரு கணினிக்குக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. ஈப்போவில் ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே சக்கரம் கழற்றும் சத்தம் ஓயாது. மேலே நாங்கள் சிலர் கொசுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். நாங்கள் உருவாக்கியது ஒரு கறுப்புப் பெட்டி. மூடியில் வலை போட்ட வாய், உள்ளே சின்ன விசிறி. அருகே வரும் கொசுவை விசிறி உள்ளே இழுக்கும். அது கீழே இருக்கும் பசை அட்டையில் ஒட்டிக்கொள்ளும். கேமரா அட்டையைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்பும். வந்திருப்பது டிங்கி பரப்பும் ஏடிஸா, சாக்கடையில் வளரும் சாதாரணக் கொசுவா என்று எங்கள் நிரல் பார்த்துச் சொல்லும். ஏடிஸ் அதிகமாக இருந்தால் வரைபடத்தில் அந்த இடம் சிவப்பாகும். கொஞ்சம் இருந்தால் மஞ்சள். இல்லையென்றால் பச்சை. எங்கே தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, எங்கே ஆள் போக வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஊர் முழுக்கப் புகையடித்து எல்லாரையும் இரும வைக்கத் தேவையில்லை.

நான் எதையும் வரிசைப்படுத்தி வைக்கிறவள். மளிகைச் சாமானையும் அப்படித்தான், கவலைகளையும் அப்படித்தான். நிரலைக் குழப்பக்கூடியவை என்று ஒரு வரிசை வைத்திருந்தேன்: எறும்பு, சின்ன அந்துப்பூச்சி, மழைத்துளி, பல்லியின் வால், பசையில் ஒட்டிய தலைமுடி. ஒவ்வொன்றையும் படமெடுத்து, இது கொசு இல்லை என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். வரிசை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

பெட்டிகளைச் சோதித்துப் பார்க்க எங்களுக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று சுங்காய் ஊருக்கு உள்ளே இருந்த பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, செம்பனையும் போய், நிலம் ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது. தோட்டம் இல்லாமல் போன பிறகும் தொழிலாளர்களுக்குக் கட்டிய லயம் இருந்தது. ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒரு வரிசை பலகை வீடுகளில் சில குடும்பங்கள் இருந்தன. அவர்களில் யாரும் இப்போது தோட்ட வேலை செய்யவில்லை. ஒருவர் லோரி ஓட்டினார், சிலர் விடியலில் வரும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போனார்கள். அவர்களுக்கும் நிலத்துக்காரர்களுக்கும் ஒரு பேச்சு இருந்தது. அதே நிலத்தின் ஓரத்தில் அவர்களுக்கு வரிசை வீடுகள் கட்டித் தரப்படும். சாவி கைக்கு வந்ததும் லயத்தைக் காலி செய்துவிட வேண்டும். வீடுகள் பாதியில் நின்றன. சுவர் இருந்தது, கூரை இல்லை. சாவி வந்தால்தான் இறங்குவோம் என்று லயத்துக்காரர்கள் இருந்தார்கள்.

கடைசி வீட்டில் இருந்த அக்கா ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் செய்தார். கணவர் இல்லை. இரண்டு மகள்கள். மூத்தவள் அந்த ஆண்டு பள்ளியிறுதி எஸ்பிஎம் பரீட்சை எழுதவிருந்தாள். லயத்தைவிட்டு அவசரமாக இறங்க வேண்டிவந்தால் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். பள்ளிக்கூடமும் மாறும், கேன்டீன் வேலையும் போகும். அந்த ஒரு கதவை அடைக்காமல் வைத்துக்கொள்வதுதான் அவருக்கு அந்த ஆண்டின் வேலை.

எனக்குத் தோட்டத்தின் மீது ஏக்கம் எதுவும் கிடையாது. நான் ஈப்போவில், அடுக்குமாடியில் வளர்ந்தவள். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்த அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டால், "அட்டையும் கொசுவும்தான் இருந்துச்சு, வேற என்னா," என்பார். ஆகவே நான் அந்த லயத்துக்குப் போனது உறவு தேடி அல்ல. சுவரில் பெட்டி மாட்டத்தான் போனேன். என்னோடு எங்கள் அலுவலகத்துத் தொழில்நுட்ப அண்ணனும் வந்தார். பெட்டிகளுக்கு வயர் இழுப்பது, ஆணி அடிப்பது, வழியில் சாப்பாட்டுக் கடை கண்டுபிடிப்பது மூன்றும் அவர் பொறுப்பு.

அவர் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளேயிருந்து தட்டோடு வந்தார். திருநீறு, சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம், கற்பூரம்.

"என்னாக்கா, மெஷினுக்குமா?" என்றேன்.

"புதுசுலா. புது சாமானுக்கு வைக்காம எப்டி? நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்குக் காய்ச்ச வராம பாத்துக்குற சாமான் வேற."

"அக்கா, எலுமிச்சம்பழத்த விசிறிக்குள்ள போட்றாதீங்க. கொசு ஜூஸ் குடிச்சிட்டுக் கெளம்பிரும்," என்றார் அண்ணன்.

"வாய மூடிக்கிட்டு ஸ்க்ரூவ முடுக்கு."

மூடியின் மேல் மூன்று விரலால் அழுத்தமாக ஒரு பட்டை இழுத்து, நடுவில் பொட்டு வைத்தார் அக்கா. எனக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. புது லோரிக்குச் செய்கிறோம், புது மோட்டாருக்குச் செய்கிறோம். எங்கள் பாஸே ஆயுத பூஜையன்று அலுவலகத்துச் சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரப் புகையில் நெருப்பு எச்சரிக்கை மணி அடிக்காமல் இருக்க ஜன்னலைத் திறந்து வைக்கிறவர். லயத்தின் மற்ற பெட்டிகளையும் மாட்டினோம். இன்னொன்றைக் கட்டி முடிக்காத வீடுகளின் பக்கம், காவலாளியின் கொட்டகையில் மாட்டிவிட்டுக் கிளம்பினோம்.

முதலில் லயம் மஞ்சளாகத்தான் இருந்தது. சில வாரங்களில் ஆரஞ்சு நிறம் ஏறி, பிறகு நல்ல சிவப்பானது. அலுவலகத்தில் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தோம். அப்படி ஒரு சிவப்பு எங்கள் வரைபடத்தில் அதற்கு முன்பு வந்ததில்லை. பாஸுக்குச் சந்தோஷம். "பாத்தியாமா, கண்டுபுடிச்சிருச்சு!" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். நாம் செய்த ஒன்று வேலை செய்கிறது என்பது எனக்கு அப்போது போதுமானதாக இருந்தது.

வரைபடத்தை நிலத்துக்காரர்களும் பார்த்தார்கள். பெட்டி மாட்ட அனுமதி கொடுத்தவர்கள் அவர்கள்; பார்க்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அடுத்து நடந்ததை அக்கா போனில் சொன்னார். நிறுவனத்தின் மேலாளர் லயத்துக்கு வந்து, கையிலிருந்த திரையில் எங்கள் வரைபடத்தைக் காட்டி, இந்த இடம் மனிதர் குடியிருக்கத் தகுதியில்லாதது, டிங்கி பரவும், பள்ளி விடுமுறைக்குள் எல்லாரும் காலி செய்தாக வேண்டும் என்றிருக்கிறார். சாவியைப் பற்றிக் கேட்டதற்கு, உயிர் முக்கியமா சாவி முக்கியமா என்று கேட்டிருக்கிறார்.

"தங்கச்சி, நான் பொட்டு வச்ச பெட்டி என்னையே வெளிய போகச் சொல்லுதாமே?" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் விவரம் கேட்பதைப் போல, மெதுவாகக் கேட்டார்.

நான் பாஸிடம் போனேன். நல்ல மனிதர்தான். தாமான் குடியிருப்பில் தன் வீட்டுக் கார் கொட்டகையில் தனியாக முதல் பெட்டியைச் செய்தவர். ஆனால் அடுத்த மாதம் சுங்காய் மண்டபத்தில் ஒரு கூட்டம் இருந்தது. சுகாதாரத் துறையிலிருந்து அதிகாரி வருவார், அங்கே எங்கள் வரைபடத்தைக் காட்ட வேண்டும். அது நன்றாக நடந்தால் ஹுத்தான் மெலிந்தாங் வரைக்கும் பெட்டிகள் போகும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"நம்ம வேல கொசுவப் பாக்குறது. யாரு எந்த வீட்டுல இருக்கணும்னு சொல்றது இல்ல. அதுல போயி காச்சாவ் பண்ணி வம்ப இழுக்காதமா," என்றார்.

"நாம சொல்லல பாஸ். நம்ம சிவப்பு சொல்லுது."

"சிவப்புன்னா சிவப்புதானே. பொய்யா?"

 அந்தக் கேள்விக்குப் பதில் தேட உட்கார்ந்தேன்.

எண்களைவிட்டுப் படங்களுக்குப் போனேன். நிரல் ஏடிஸ் என்று சொன்ன கொசுக்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பொருந்தாதவற்றை எழுதிக்கொண்டே வந்தேன். ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. இவற்றில் பெரும்பாலானவை இருட்டிய பிறகு சிக்கியிருந்தன. ஏடிஸுக்குக் காலில் வளையம் இருக்க வேண்டும். இவற்றுக்கு வெள்ளை சிறகிலும் இருந்தது, உணர்கொம்பிலும் இருந்தது, ஒன்றின் கண்ணிலும் இருந்தது. கொசுவே இல்லாத இடத்தில், வெறும் பசையிலும் வெள்ளைப் புள்ளிகள். இன்னும் பெரிதாக்கினேன். வளையம் இல்லை, பொடி. கல்யாண வீட்டுக்குப் புறப்படும் பிள்ளையைப் போலப் பவுடர் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு பழுப்பு நிறச் சாக்கடைக் கொசு. பிறகு நாட்களைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் சிவப்பு ஏறியது. வியாழக்கிழமைக்குள் கொஞ்சம் இறங்கியது.

வெள்ளிக்கிழமை, வெள்ளைப் பொடி. எங்கள் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, பெட்டிக்கு இன்னும் திருநீறு வைக்கிறீங்களா?"

"ஆமா. வெள்ளிக்கெழம வெளக்கேத்தி, சாமிக்கு வச்சி, பிள்ளைங்களுக்கு வச்சி, அப்புறம் அதுக்கும் வெப்பேன். ஏன், மாட்டுன அன்னிக்கு மட்டும் வச்சிட்டு வுட்டா அது என்னா நெனைக்கும்?"

"மத்த வீட்டுப் பெட்டிக்கு?"

"நான் வச்சி அவங்க வைக்காம இருப்பாங்களா? பக்கத்து வீட்டுக்காரி அன்னிக்கு ரெண்டு வேள வைக்கிறா. அவளுக்கு எல்லாத்துலயும் போட்டி."

மூடியில் காய்ந்த திருநீறு உதிர்கிறது. உதிர்ந்ததை விசிறி உள்ளே இழுக்கிறது. அட்டையில் ஒட்டியிருக்கும் சாதாரணக் கொசுவின் மேல் அது விழுகிறது. வெள்ளைப் புள்ளியைப் பார்த்த நிரல் ஏடிஸ் என்கிறது. பக்தி கூடக் கூட லயம் சிவந்துகொண்டே போயிருக்கிறது.

பாஸ் படங்களைப் பார்த்தார். 

"என்னா சனம்லா இது! மெஷினுக்குப் போயி யாராச்சும் திருநீறு பூசுவாங்களா?"

நான் மூலையிலிருந்த சர்வரைப் பார்த்தேன். போன ஆயுத பூஜையின் பொட்டு இன்னும் அதன் நெற்றியில் இருந்தது. அவரும் திரும்பிப் பார்த்தார்.

"அது வேற," என்றார்.

"என்னா வேற பாஸ்? நம்மளுது ஏர்கோன்ல இருக்கு, அவங்களுது சுவத்துல இருக்கு. அவ்ளோதான்."

அவர் சொன்னது இதுதான். கூட்டம் முடியட்டும். பிறகு சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம். இப்போது தப்பு என்று சொன்னால் பெட்டியையே யாரும் நம்பமாட்டார்கள். லயத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் என்றைக்கிருந்தாலும் இறங்க வேண்டியவர்கள்தான்.

நான் குரலை உயர்த்துகிறவள் இல்லை. வீட்டில்கூட என் கோபத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். அன்றும் மெதுவாகத்தான் சொன்னேன். "தெரியாம காட்டுனா தப்பு. தெரிஞ்சு காட்டுனா பொய். எனக்குத் தெரிஞ்சிருச்சு பாஸ்."

"நீ வேலைய வுடப் போறியா?"

"நீங்க போகச் சொன்னா போறேன். ஆனா கூட்டத்துக்கு வருவேன். கதவு தெறந்த கூட்டம்தானே."

அவர் போகச் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

என் ஊகம் போதாது, காட்டும்படி ஒன்று வேண்டும். அக்காவின் சுவரில் ஏற்கெனவே இருந்த பெட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொன்றை மாட்டச் சொல்லி அண்ணனை அழைத்துக்கொண்டு போனேன். பழைய பெட்டிக்கு வழக்கம் போலப் பூசலாம், புதியதைத் தொடக்கூடாது என்றேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு வைத்துவிட்டு இன்னொன்றை வெறும் நெற்றியாக நிறுத்துவதா என்றார். காரணத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப நாந்தான் பண்ணிட்டனா?"

"இல்லக்கா. நாங்க சொல்லித்தராததுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க? மெஷினுக்குத் திருநீறு தெரியாது. தெரிஞ்சிருக்கணும்."

ஒரே சுவர், ஒரே கொசுக்கள். பூசிய பெட்டி சிவப்பு என்றது. பூசாதது மஞ்சள் என்றது. அதற்குப் பிறகு நானும் அண்ணனும் லயத்துப் படங்களையும் சுற்றுப்புறப் படங்களையும் நிரலை நம்பாமல் கண்ணாலேயே பிரித்தோம். அண்ணனுக்குக் கண் எரிந்தது. "கனவுலயும் காலுதான் வருது, தங்கச்சி. கொசுக் காலு," என்றார். பிரித்து முடித்ததும் இன்னொன்று தெரிந்தது. எங்கள் வரைபடம் பக்கத்துப் பக்கத்துச் சிவப்புகளை ஒன்றாகக் கலந்து ஒரே திட்டாக வரையும். கட்டி முடிக்காத வீடுகளின் பக்கமும் சிவப்புதான். அதையும் லயத்தின் சிவப்பையும் ஒன்றாகப் பார்த்து, எல்லாரும் அதை லயம் என்றே படித்திருந்தோம். லயம் மஞ்சளான பிறகும் அந்தப் பக்கம் சிவப்பாகவே இருந்தது. காவலாளிக்குத் திருநீறு வழக்கமில்லை. அவருடைய அட்டை சுத்தமாக இருந்தது. அதில் ஒட்டியிருந்தவற்றுக்குக் காலில் வளையம் இருந்தது, முதுகில் கோடு இருந்தது. எல்லாம் பகலில் வந்தவை. கூரையில்லாத அறைகளில் மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்ததை வழியில் நானே பார்த்திருந்தேன்.

இதையெல்லாம் பாஸின் மேசையில் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்தார் என்று தெரியும், ஏனென்றால் அடுத்த நாள் தாள்களின் வரிசை மாறியிருந்தது. ஆனால் கூட்டத்தில் எதைக் காட்டப்போகிறார் என்று தெரியவில்லை.

கூட்டத்தன்று மண்டபத்தில் முன்வரிசையில் அதிகாரி, நிலத்து நிறுவனத்தின் மேலாளர், பாஸ். பின்வரிசைகளில் லயத்துக்காரர்கள், கேன்டீன் ஏப்ரனைக் கழற்றாமல் வந்திருந்த அக்காவும். நான் ஓரத்தில் நின்றேன். மேலாளர் மலாயில் அழகாகப் பேசினார். விஞ்ஞானமே சொல்லிவிட்டது, நாங்கள் என்ன செய்ய, மக்களின் ஆரோக்கியம்தான் எங்களுக்குப் பெரிது என்றார். பாஸ் எழுந்து கணினியைத் திருப்பினார். திரையில் விழுந்தது பழைய வரைபடம். சிவப்பு.

நான் முன்னால் நடந்தேன். 

"அந்தப் படம் தப்பு," என்றேன் மலாயில். "அதைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி. ஏன் தப்பு என்று காட்டுகிறேன்."

"யார் இந்தப் பெண்?" என்று மேலாளர் பாஸைக் கேட்டார்.

பாஸ் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "எங்கள் பொறியாளர்," என்றார். பிறகு கணினியைவிட்டு ஒதுங்கி நின்றார்.

நான் இரண்டு பெட்டிகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பவுடர் அப்பிய கொசுவைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். திருநீறு என்றால் என்ன என்று அதிகாரிக்கு விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்போதுதான் மேலாளர் தமிழுக்கு மாறினார். அவரும் ஏதோ ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர்தான் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"படிச்ச பொண்ணுதானேமா நீ? என்னா, கம்ப்யூட்டருக்குச் சாமி வந்துருச்சா?"

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சாமி வரலண்ணே. சாம்பதான் வந்துச்சு."

இப்போது பின்வரிசை சிரித்தது. மேலாளர் மலாய்க்குத் திரும்பினார். அப்படியானால் இந்தப் பெட்டியே உதவாது. ஓரிடத்தில் தவறினால் எல்லா இடத்திலும் தவறும். எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள் என்றார். பாஸ் பயந்ததும் இதற்குத்தான். என்னிடம் பதில் இருந்தது.

"அதனால்தான் கண்ணாலேயே பார்த்தோம். ஒவ்வொரு படமாக." கட்டி முடிக்காத வீடுகளின் படங்களைத் திரையில் வைத்தேன். "இதில் சாம்பல் இல்லை. இவை ஏடிஸ். இது இவர்களுக்குத் தருவதாகச் சொன்ன வீடு. லயத்திலும் ஏடிஸ் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் மஞ்சள். மஞ்சள் என்றால் தேங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டும். வீட்டைக் கொட்ட வேண்டியதில்லை."

அதிகாரி எழுந்தார். வெளியே வெயில் இருக்கும்போதே அந்த வீடுகளைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லாரும் பின்னால் போனோம். முதல் வீட்டின் கூடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பச்சைத் தண்ணீர். அதிகாரி ஒரு வெள்ளைக் கரண்டியால் அள்ளிக் காட்டினார். கரண்டி முழுக்கக் கொசுப் புழுக்கள் நெளிந்தன.

"ஜெந்திக்-ஜெந்திக்லா," என்று புழுவின் மலாய்ப் பெயரைச் சொன்னார் யாரோ, தேவையில்லாமல்.

எங்கள் வரைபடத்தைக் காரணமாகச் சொல்லி லயத்திலிருந்து யாரையும் இறக்கக்கூடாது, முதலில் இந்தத் தண்ணீர் வெளியேற வேண்டும் என்று அதிகாரி அங்கேயே சொன்னார். மேலாளர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனார். கைத்தட்டல் எதுவும் இல்லை. அக்கா அடுத்த வேளை சமையலுக்கு ஓடினார்.

திரும்பும்போது பாஸ் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காரை நிறுத்தினார். அங்கே இறங்கிப் போய் எனக்கும் சேர்த்து மீ கோரேங் நூடுல்ஸ் தாபாவ் செய்து, பொட்டலமாகக் கொண்டு வந்தார்.

"அடுத்த தடவ எனக்கு முன்னாடி எந்திரிக்காதமா. நானே சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பீங்களா பாஸ்?"

காரைக் கிளப்பினார். 

ஆனால் அந்த வாரமே அவர் ஒரு அறிவிப்பைத் தயார் செய்தார். பெட்டிகளின் மேல் எந்தப் பொடியும் பூசக்கூடாது என்று எல்லா வீடுகளிலும் ஒட்ட வேண்டுமாம். நான் ஒட்டமாட்டேன் என்றேன். நாங்கள் நிரலுக்கு முதலில் கொடுத்த படங்கள் எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில், குளிரவைத்துக் கொன்று, வெள்ளைத் தாளில் கிடத்தி எடுத்தவை. அந்தக் கொசுக்கள் எவர் வீட்டு வாசலையும் கண்டதில்லை. இந்த ஊரில் பெட்டி மாட்டப்போகிற சுவர்கள் எப்படிப்பட்டவை? ஒன்றில் திருநீறு, ஒன்றில் சாம்பிராணிப் புகை, சீனர் வீட்டு வாசலில் ஊதுபத்திச் சாம்பல், மலாய்க்கார வீட்டில் குழந்தைக்குப் பூசும் குளிர்ச்சி மாவு. ஊர் தன் பழக்கத்தை எங்கள் கேமராவுக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் போய்ச் சொல்லமாட்டேன். கற்றுக்கொள்ள வேண்டியது நிரல். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"அப்ப நீயே கத்துக் குடு," என்றார் பாஸ். கோபமாகச் சொன்னாரா, தப்பித்துக்கொள்ளச் சொன்னாரா தெரியாது. நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுச் சாமி மேடையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பையில் போட்டதை அம்மா பார்த்துவிட்டார். காரணம் சொன்னேன்.

"செத்த கொசுவுக்குத் திருநீறா? கொன்னுட்டு ஆசீர்வாதம் வேறயா?" என்றார். பிறகு அவரே உள்ளே போய்ச் சந்தனத்தையும் குங்குமத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். "எல்லாத்தையும் போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். இன்ன கொசு என்று தெரிந்தவற்றின் மேல் கொஞ்சமாக, நிறைய, ஈரமாக, காய்ந்து என்று தூவித் தூவிப் படமெடுத்தேன். என் பழைய வரிசையில், பல்லி வாலுக்கும் தலைமுடிக்கும் கீழே, திருநீறு சேர்ந்தது. வளையத்தையும் பொடியையும் பிரிக்க நிரல் நிறையத் தடுமாறியது. பிறகு தடுமாற்றம் குறைந்தது.

புதிய நிரலை ஏற்ற நான் லயத்துக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வேண்டுமென்றேதான் அந்தக் கிழமையில் போனேன். அக்கா விளக்கேற்றிவிட்டுத் தட்டோடு வெளியே வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்தார்.

"பூசட்டுமா? அப்புறம் என்னைய சொல்லக்கூடாது."

"பூசுங்கக்கா. நல்லாவே பூசுங்க."

அவர் ஒரு பிடியை எடுத்து, பக்கத்து வீட்டுக்காரி பார்க்கும்படியாகவே, தாராளமாகப் பட்டை இழுத்தார். இருட்டும் வரை காத்திருந்தோம். மூத்த மகள் உள்ளே மேசையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கைப்பேசியில் முதல் படம் வந்தது. உடம்பெல்லாம் வெள்ளை பூசிய ஒரு கொசு. அதன் கீழே நிரல் எழுதியிருந்தது: சாதாரணக் கொசு. அக்கா போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

"அப்பாடா. இப்பதான் நம்ம ஊருக்கு வந்து சேந்திருக்கு."

நான் வீட்டின் பின்பக்கம் போனேன். லயம் மஞ்சளாக இருந்ததற்கு ஒரு காரணம் அங்கே நீல நிறத்தில் நின்றது. அக்காவின் மழைத் தண்ணீர் டிரம். போன் வெளிச்சத்தில் பார்த்தேன். புழுக்கள். டிரம்மைச் சாய்த்து முழுவதையும் கொட்டினேன்.

"ஐயோ, செடிக்கு வச்ச தண்ணிலா அது! ஒனக்கு என்னா கிறுக்கா?"

"மூடி போட்டு வைங்கக்கா."

"மூடி எங்க இருக்கு?"

"கார்ல கொண்டாந்திருக்கேன்."

அவர் என்னைத் திட்டிக்கொண்டே வந்து மூடியை வாங்கிக்கொண்டார். தூரத்தில் கூரையில்லாத வீடுகளின் பக்கம் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரை எடுக்கிறார்கள், கூரை இன்னும் போடவில்லை. சாவி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பரீட்சைக்கு அந்த வீட்டிலிருந்துதான் மகள் போவாள் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"சாவி வர்ற அன்னிக்கு இந்தப் பெட்டிய நானே கழட்டி எடுத்துக்கிட்டுப் போயி அங்க மாட்டுவேன்," என்றார் அக்கா. "அதுவரைக்கும் இங்கதான். ஒன் பாஸுகிட்ட சொல்லிரு."

சுவரில் பெட்டி கொஞ்சம் ஆடியது. பலகைச் சுவர், திருகாணி தளர்ந்திருந்தது. அண்ணன் கொடுத்து அனுப்பியிருந்த முடுக்கியைப் பையிலிருந்து எடுத்து, அது இனி ஆடாதபடி முடுக்கினேன்.